ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சாவது மீட்டர்

அந்தப் பொட்டியில என்ன சார், கள்ள நோட்டு பாக்குற லைட்டா? இல்ல, மேல படம் போட்டிருக்கே, அதான் கேட்டேன். ஊதா வெளிச்சம் வருமே, அதானே? கரண்டு இல்லாம பேட்டரியிலயும் எரியுமா? நல்லதாப் போச்சு. எதுக்கு நல்லதாப் போச்சுன்னு இப்பக் கேக்காதீங்க, பின்னாடி சொல்றேன். கடை கடையா ஏறி எறங்கி இத விக்கிறீங்களாக்கும். அலைச்சல்தான். மெட்ராஸ் வரைக்குமா? நானும் அங்கதான். ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு இந்தப் பக்கம் போதும்.

எனக்கும் முப்பது வருஷமா அந்த ஊதா லைட்டுதான் சோறு போடுது. நோட்டு பாக்குற வேலை இல்ல, கல்லு பாக்குற வேலை. கலியபெருமாள்னு பேரு. காரைக்கால்ல, எண்ணெய்க் கெணறு தோண்டுற கம்பெனியில ஜியாலஜிஸ்ட். ரிட்டையராவ இன்னும் ஏழு மாசம் இருக்கு. எண்ணெய்க் கெணறுன்னா எட்டிப் பாத்தா உள்ள கறுப்பாத் தளும்பும்னு நெனச்சுக்குறாங்க. அதெல்லாம் கெடையாது. ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு, ஒரு சாண் அகலத்துல ஓட்டை போடுவோம். கீழ நொறுங்குற கல்லு சேத்துத் தண்ணியோட மெதுவா மேல வரும். ரெண்டு கிலோமீட்டர்னா வந்து சேர ஒரு மணி நேரம் புடிக்கும். அஞ்சு மீட்டருக்கு ஒரு தடவ ஒரு கை அள்ளிக் கழுவி, இருட்டுப் பொட்டிக்குள்ள வெச்சு, ஊதா லைட்டப் போட்டுப் பாக்கணும். எண்ணெய் இருந்தா கல்லு மினுங்கும். இல்லன்னா செத்த கல்லு. மினுங்குச்சா இல்லையான்னு எழுதுறதுதான் என் உத்தியோகம்.

இன்னிக்கு நான் போறது ஒரு பாராட்டு விழாவுக்கு. கிண்டியில பெரிய ஓட்டல்ல, சாயங்காலம் நாலு மணிக்கு. ராயப்பன்னு ஒருத்தன். எங்கூட ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவன். அந்தமான் கடல்ல எண்ணெய் எந்த ஆழத்துல இருக்கும்னு மொதல்ல சொன்னவன் அவன்தானாம். அதுக்குத்தான் மாலை, பொன்னாடை எல்லாம். இந்தா பாருங்க பத்திரிகை, எப்பிடி வழவழன்னு அடிச்சிருக்கான். உள்பக்கம் கையால எழுதியிருக்கான் பாருங்க, ‘கலியா, நீ வராம நான் மேடை ஏறமாட்டேன்.’ என்ன திமிரு பாத்தீங்களா? நான் கீழ உக்காந்து கை தட்டுறதப் பாத்தாத்தான் இவருக்கு மேல ஏற மனசு வருமாம். பொறாமையில பேசுறேன்னு நெனச்சுக்காதீங்க சார். எனக்கும் பொறாமைக்கும் ரொம்ப தூரம். வேணும்னா என் சம்சாரத்தக் கேட்டுப் பாருங்க. இல்ல வேணாம், அவளக் கேக்காதீங்க.

சித்த முன்னாடி பஸ்சு தரங்கம்பாடி தாண்டுச்சுல்ல, அவனுக்கு அந்த ஊருதான். அவங்கப்பா கடலுக்குப் போறவரு. எங்கப்பா ஹெட்மாஸ்டரு. அத நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. ஏதோ இன்னிக்கு உங்ககிட்ட பேச்சுவாக்குல வந்துருச்சு. சேந்த மொத வாரமே அவன் ஒரு வேலை பண்ணான். வயல்ல கெணறு தோண்டுற எடம், பெரிய ஆபீசருங்க சுத்தி நிக்குறாங்க. மேல வந்த கல்லுத் துண்டு ஒண்ண எடுத்து இவன் வாயில போட்டான். முன்பல்லால கடிச்சு, அப்பிடியே நாக்குல உருட்டி, ‘களிமண்ணு இல்ல சார், நைஸ் மணலு கலந்திருக்கு, நறநறங்குது’ன்னான். லேப்ல போட்டுப் பாத்தா அவன் சொன்னதுதான். இந்த வித்தை எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கு சார். எனக்கும் தெரியும். ஆனா ஆபீசருங்க முன்னாடி வாயில போடுறதுக்குன்னு ஒரு தனி முகம் வேணும்ல. மறுநாள் நானும் கடிச்சேன். அது பாறை. இந்தா, இந்தப் பல்லு, மூலை போயிருக்கு பாருங்க. அதுலேருந்து நான் சிரிக்கிறப்ப எல்லாம் அவன் ஞாபகம்தான்.

ரிக்குல, அதான் கெணறு தோண்டுற மேடையில, மொய்தீன் பாய்னு ஒரு சமையக்காரரு இருந்தாரு. மீன் கொழம்பு வெச்சா தலைய எடுத்து தனியா வெச்சிருப்பாரு. யாருக்கு? ராயப்பன் தம்பிக்கு. நானும் அதே மேசையிலதான் உக்காந்திருக்கேன். எனக்கு வால் துண்டு. ஒரு நாள் கேட்டே புட்டேன், ‘ஏன் பாய், எனக்குத் தலை குடுக்க மாட்டீங்களா’ன்னு. ‘அந்தத் தம்பி கரண்டி புடிக்கிற கைய விசாரிக்கும் சார், சூடு பட்டுதே ஆறிருச்சான்னு கேக்கும்’னாரு. கைய விசாரிக்குமாம். எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் காலையும் சேத்து விசாரிச்சிருக்க மாட்டேனா?

வீட்டுக்கு வந்தா என் சம்சாரம் மங்கையர்க்கரசி. ‘ராயப்பண்ணன் சாப்ட்ட தட்ட அவரே கழுவி வெச்சுட்டுப் போறாருங்க.’ ‘ராயப்பண்ணன் நம்ம பாப்பாவுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் குடுத்தாரு, ஒரே தடவையில புரிஞ்சுபோச்சாம்.’ நான் சொல்லிக் குடுத்தா அது அழும். வயிறு எரியுமா எரியாதா சார்? எரிஞ்சாலும் வெளிய காட்டினதில்ல. தட்டக் கழுவ வேணாம்னு அவங்கிட்டயே சொல்லிட்டேன், அதோட விட்டுட்டேன்.

டீ குடிக்கிறீங்களா? பாண்டிச்சேரியில வண்டி அஞ்சு நிமிஷம்தான் நிக்கும். வேணாமா? சரி, உக்காருங்க, உக்காருங்க.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ராயப்பன் எழுதி எழுதிக் கேட்டு, எங்களுக்கு அந்தமான் கடல்ல ஒரு கெணறு வந்துச்சு. நம்ம டெல்டாவுல எங்களுக்கு அங்குலம் அங்குலமாத் தெரியும். எந்த ஆழத்துல எவ்வளவு சூடு, எந்தக் கல்லுல எண்ணெய் நிக்கும், எல்லாம் மனப்பாடம். அந்தக் கணக்க வெச்சு மூவாயிரத்து எரநூறு மீட்டருக்குப் போவணும்னு நான் எழுதிக் குடுத்தேன். மீட்டிங்ல ராயப்பன் எழுந்திரிச்சான். ‘சார், இந்தக் கடல் நம்ம ஊரு மாதிரி இல்ல’ன்னான். மேக்கேருந்து வர்ற கடல்தரை அந்தமான் நிக்கோபார் தீவுங்களுக்கு அடியில சொருவிக்கிட்டுக் கீழ போவுது. அப்பிடிப் போற எடத்துல எரிமலைங்க வில்லு மாதிரி வளைஞ்சு வரிசையா நிக்குது. அந்த வில்லுக்குப் பின்னாடி இருக்குற கடல்தரை ரெண்டு பக்கமும் இழுபட்டு இழுபட்டு மெலிஞ்சுக்கிட்டே போவுது. அதத்தான் பேக்-ஆர்க் பேசின்னு சொல்லுவோம், தமிழ்ல பின்வளைவுப் படுகைன்னு அவனே ஒரு கட்டுரையில எழுதியிருக்கான். அடியில இருக்குற சூட்டுல கல்லு வெந்தாத்தான் எண்ணெய் ஊறும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தான். ஆனா அவன் என்ன பண்ணான் தெரியுமா, ‘தோசைக்கல்லுல கனமா ஊத்தப்பம் ஊத்துனா மேல்பக்கம் வேக நேரமாவும் சார். மாவ இழுத்து மெல்லிசா ரொட்டி போட்டா சட்டுனு வெந்துரும். நம்ம டெல்டா ஊத்தப்பம், அந்தமான் ரொட்டி. அங்க எண்ணெய் மேலயே வெந்து கெடக்கும். ஆயிரத்து எண்ணூத்தி அம்பது மீட்டருக்குக் கொஞ்சம் முன்ன பின்ன பாத்தாப் போதும், அதுக்கு ரொம்பக் கீழ போனாக் கருகிரும்’ன்னான்.

எங்க தலைவரு சந்தானகோபாலன் சார், சிரிச்சே பாத்ததில்ல அவர. அன்னிக்கு மேசையத் தட்டிச் சிரிச்சாரு. அந்தத் தோசைக்கல்லு உதாரணம் இருக்கே, அது நான் சொன்னது சார்! ஒரு வாரத்துக்கு முன்னாடி கேண்டீன்ல. அதாவது, ஊத்தப்பம் வேகலைன்னு நான் சர்வர்கிட்டச் சண்ட போட்டேன், இவன் பக்கத்துல உக்காந்திருந்தான். அதுலேருந்துதான் எடுத்திருக்கான். யாருகிட்டப் போயிச் சொல்றது இத?

தலைவரு முடிவு சொன்னாரு. ‘ஆயிரத்து எண்ணூத்தி அம்பது பக்கம் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கணும். மினுங்கினா அங்கேயே நிறுத்தி டெஸ்ட் பண்ணிருவோம். மினுங்கலைன்னா கலியபெருமாள் சொல்ற ஆழத்துக்கு எறங்குவோம்.’ புரியுதா சார்? அவனுது மினுங்குச்சுன்னா என்னோடத ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டாங்க. அதப் பாக்குற டூட்டி யாருக்கு விழுந்துச்சு? எனக்கு. ரிக்குல பதினாலு நாள் ஒருத்தன், அடுத்த பதினாலு நாள் இன்னொருத்தன், அதான் எங்க முறை. என் முறையில அந்த ஆழம் வந்துச்சு. அவன் போர்ட் பிளேர் ஆபீசுல உக்காந்துக்கிட்டு தெனம் காலையில போன் பண்ணுவான். ‘கலியா, சூடு எவ்வளவு காட்டுது? கலியா, சாப்ட்டியா?’ ரெண்டையும் ஒரே மூச்சுல கேப்பான்.

சூடு வேற அன்னிக்கு என்னைய சோதிச்சுது. நம்ம ஊருல தொண்ணூறு டிகிரி காட்டுற ஆழத்துல நூத்தி இருவது காட்டுது. அப்பிடிக் காட்டுமா? நான் ரெண்டு தடவ பாத்தேன். தெர்மாமீட்டர் பழுதுன்னு எழுதிட்டேன். நீங்க இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பீங்க. இருபது வருஷமா தொண்ணூறு பாத்த கண்ணு சார் இது.

காலையில பதினோரு மணி. ஆயிரத்து எண்ணூத்தி அறுபது மீட்டர் கல்லு வந்துச்சு, சாம்பல் நெறக் களிமண்ணு, செத்த கல்லு. அடுத்தது அறுபத்தஞ்சு. மணலு. கழுவுனேன். இருட்டுப் பொட்டிக்குள்ள வெச்சேன். கண்ண வெச்சுப் பாத்தேன்.

மினுங்குச்சு சார்.

வெளிர் மஞ்சள்ல, தட்டு பூரா. எண்ணெயக் கரைக்குற மருந்து ரெண்டு சொட்டு விட்டேன். பால் கசியுற மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு வெளிய வந்துச்சு. அன்னிக்குக் காலையிலதான் புதுசா குழாய் மாட்டினாங்க. குழாய் மரையில கிரீஸ் தடவுவாங்க, அந்தக் கிரீசும் ஊதா லைட்டுல மினுங்கும். அந்த ரிக்குப் பசங்க கிரீச வாரி அப்புறவனுங்க. அதனால நான் ‘கிரீஸ்’னு எழுதினேன். தப்பா? எத்தனையோ எடத்துல அப்பிடி நடந்திருக்கு. கிரீசப் பாத்து எண்ணெய்னு தந்தி குடுத்து, ஹெலிகாப்டர்ல பெரியவங்க வந்து எறங்கி, கேவலப்பட்டுப் போனவன் எத்தன பேரு. நான் ஜாக்கிரதையான ஆளு.

அது கிரீசா எண்ணெயான்னு பாக்க வழி இருக்கு, இல்லன்னு சொல்லல. வேலைக்குச் சேந்த மொத நாளே சொல்லிக் குடுத்துருவாங்க. கல்ல ஒடைக்கணும். கிரீஸ்னா மேலாக்க ஒட்டியிருக்கும், ஒடச்ச பக்கம் செத்துக் கெடக்கும். எண்ணெய்னா உள்ளயும் மினுங்கும். அன்னிக்கு ஒடைக்க நேரமில்ல சார். அடுத்த சாம்பிள் வந்துக்கிட்டே இருக்குல்ல?

பாக்கெட் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஒவ்வொரு சாம்பிளையும் காய வெச்சு மூணு சின்னப் பாக்கெட்டாப் போடணும். ஒண்ணு தலைமை ஆபீசுக்கு, ஒண்ணு அரசாங்கத்துக்கு, ஒண்ணு கல்லுக் கிடங்குக்கு. கெணறு மூடி அம்பது வருஷமானாலும் அந்தக் கல்லு கிடங்குல இருக்கும். கிரீஸ் பட்ட அழுக்கு சாம்பிள அனுப்பி வெச்சா என்னைய என்ன நெனப்பாங்க? அதனால அறுபதாவது மீட்டர் கல்லு மிச்சம் இருந்துச்சு, நல்ல சுத்தமான களிமண்ணு, அத எடுத்து அறுபத்தஞ்சுன்னு எழுதின மூணு பாக்கெட்லயும் போட்டு ஒட்டிட்டேன். ஒரு சுத்தத்துக்குத்தான். வேற ஒண்ணுமில்ல.

என்ன சார் அப்பிடிப் பாக்குறீங்க? சுத்தம்னா சுத்தம்தான்.

மறுநாள் காலையில போன். ‘கலியா, மினுங்குச்சாடா?’ நான் ‘இல்லடா, கிரீஸ்’னேன். அவன், ‘சரிடா. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்’னான். அவன் அப்பிடிச் சொன்னது எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஒளிக்க என்ன இருக்கு, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பத்தொம்பது வருஷத்துல மொத தடவையா அவன் ஒண்ணு கேட்டு, நான் இல்லன்னு சொல்லி, அதோட பேச்சு முடிஞ்சுது. அன்னிக்குச் சாயங்காலம் மொய்தீன் பாய் எனக்கு மீன் தலை வெச்சாரு. ராயப்பன் ரிக்குல இல்லைங்கிறதாலதான் வெச்சாருன்னு இப்பத் தோணுது.

அந்த ஆழத்த இரும்புக் குழாய் எறக்கி, சுத்தி சிமெண்ட் ஊத்தி மூடிட்டு, என் ஆழத்துக்குப் போனோம். மூவாயிரத்து எரநூறு. அங்க என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க. எரிமலைச் சாம்பல் எறுகிப் போன கல்லு, கூடவே ஒண்ணுக்கும் ஒதவாத கரியமில வாயு. கருகிப் போயிதான் கெடந்துச்சு. நாப்பத்தி மூணு நாள்ல கெணத்த மூடிட்டோம். ஊரே கேட்டுச்சு, அந்தமான் போவணும்னு சொன்னது யாருன்னு. ராயப்பன்னு சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நான் சொல்லவே வேணாமே, பைல்லயே இருக்கே. அவன கல்லுக் கிடங்குக்கு மாத்திட்டாங்க. தகரக் கொட்டாய் சார், எட்டு வருஷம். அவனுக்கு வர வேண்டிய புரமோஷன் எனக்கு வந்துச்சு. எனக்கும் தகுதி இருந்துச்சு, அதுல ஒண்ணும் குறை இல்ல.

அவன் கெளம்புறப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். அழுவான்னு நெனச்சேன். அவன் என் தோள்ல கைய போட்டு, ‘பரவால்லடா கலியா, கல்லு எங்கடா போயிரும், அங்கதான் இருக்கும்’னான். சிரிச்சுக்கிட்டுச் சொல்றான். அவன் இடத்துல நானா இருந்தா ஊரக் கூட்டியிருப்பேன். தோத்தப்பகூட அவன் ஒரு தினுசாத் தோக்குறான் பாருங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் தூக்கம் வராது.

மரக்காணம் வந்துருச்சா? உப்பு எப்பிடிக் குமிச்சு வெச்சிருக்கான் பாருங்க.

கிடங்குல அவனுக்கு வேலையே இல்ல போல. அந்தமான் கெணத்துப் பாக்கெட்ட ஒண்ணொண்ணாப் பிரிச்சு, அதுல இருக்குற கண்ணுக்குத் தெரியாத சிப்பிங்கள பூதக்கண்ணாடியில வெச்சு எண்ணிக்கிட்டிருந்தானாம். எந்த மீட்டர்ல எத்தன சிப்பி, எத்தன வகைன்னு. ஆறு வருஷம் எண்ணி, எண்ணெய் தான் சொன்ன ஆழத்துலதான் இருக்கும்னு ஒரு கட்டுரை எழுதினான். நானும் படிச்சேன். தப்பு கண்டுபுடிக்கத்தான் படிச்சேன், கெடைக்கல. ஒரே ஒரு எடத்துலதான் மாட்டினான். அட்டவணையில ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சுக்கு நேரா, ‘சாம்பிள் கிடைக்கவில்லை’ன்னு போட்டிருக்கான். கிடைக்கலையாம்! நான் என் கையால எழுதி ஒட்டி அனுப்பின பாக்கெட்டு. தொலைச்சுட்டு எழுதுறான்னு மங்கையர்க்கரசிகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கல. அவளுக்குக் கல்லப் பத்தி என்ன தெரியும்.

அந்தக் கட்டுரையப் படிச்சுட்டு வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்தான். எங்க பழைய கெணத்துலேருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, ராயப்பன் சொன்ன ஆழத்துக்குத்தான் போட்டான். போன வருஷம். அதே மணலு. எங்ககிட்ட நாலு மீட்டர் கனம், அவங்ககிட்ட இருவது மீட்டர் கனம். எண்ணெய். பேப்பர்ல எல்லாம் ராயப்பன் போட்டோ. அன்னிக்கு நான் வீட்டுக்கு பேப்பர் வாங்கல. மங்கையர்க்கரசி பக்கத்து வீட்டுல வாங்கிப் படிச்சுட்டு வந்து, ‘உங்களுக்கு அந்த அண்ணன் மேல என்னதாங்க கோவம்’னு கேட்டா. கோவமா? எனக்கா? சோறு எறங்கல, அவ்வளவுதான்.

இப்ப உங்க லைட்டுக்கு வர்றேன். அன்னிக்கு அந்த அறுபத்தஞ்சாவது மீட்டர் கல்லத் தூக்கிப் போட்டிருக்கணும். போடல. ஒரு மாத்திரைக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. பீரோவுல, அவ பட்டுப் புடவைக்கு அடியில பதினோரு வருஷம் இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவ நகைக்கடைக்கார மச்சான் கடைக்குப் போவேன். அங்க நோட்டு பாக்குற லைட்டு இருக்கும். ஆள் இல்லாத நேரமாப் பாத்து அதுல காட்டிப் பாப்பேன். கிரீஸ்னா காஞ்சு அடங்கிரும்ல, எப்ப அடங்குதுன்னு பாக்கத்தான். இன்னும் அடங்கல. கிரீசு கெட்டி கிரீசு.

இந்தா, இதான் கவரு. லைட்ட எடுங்க சார், ஒரு நிமிஷம். இந்தத் துண்டப் போத்திக்குவோம், வெளிச்சம் வரக் கூடாது. கண்டக்டர் பாத்தா என்னவோ நெனப்பான், நெனச்சுட்டுப் போறான். தலைய இன்னும் உள்ள கொண்டாங்க. ம், இப்பப் போடுங்க. பாருங்க. முன்ன மாதிரி இல்ல, மங்கிருச்சு. ஆனா இருக்கு. கிரீசு.

என்ன கேட்டீங்க? ஒடச்சுப் பாத்தீங்களான்னா?

அதான் சொன்னேனே, நேரமில்லன்னு. பதினோரு வருஷமாவுமா நேரமில்லன்னு கேக்குறீங்களா? நல்லாக் கேக்குறீங்க சார். லைட்டு விக்கிற ஆளு நீங்க, உங்களுக்குத் தோணுது.

ஒடைக்க இங்க என்ன இருக்கு? சுத்தி இல்ல, கொறடு இல்ல. பல்லு இருக்கு. சரி, வாயில போடுறேன். நறநறங்குது பாருங்க, சத்தம் கேக்குதா? மணலேதான். ஒடஞ்சுபோச்சு. உள்ளங்கையில துப்பியிருக்கேன், அசிங்கப்படாதீங்க. ஒடஞ்ச பக்கம் மேல இருக்குற மாதிரி திருப்பி வெச்சிருக்கேன். லைட்டப் புடிங்க. நீங்களே பாருங்க, நான் கண்ண மூடிக்கிறேன். நீங்க வெளியாளு, உங்களுக்கு அவனும் யாரோ, நானும் யாரோ. சொல்லுங்க, என்ன தெரியுது?

உள்ளயா? ஓரத்துல மட்டும் இல்ல, நடுவுலயா? நல்லாப் பாத்தீங்களா?

வெளியில இருக்குறத விட நல்லா மினுங்குதா.

சரி. துண்ட எடுங்க, மூச்சு முட்டுது.

பொறாமதான் சார். வேற என்ன. அன்னிக்கு அந்தப் பொட்டிக்குள்ள கண்ண வெச்சப்பவே எனக்குத் தெரியும். மினுங்குறதப் பாத்ததும் மொதல்ல வந்த நெனப்பு எண்ணெய்னு இல்ல, ராயப்பன்னுதான். அவன் சிரிப்பானே, தலைவரு மேசையத் தட்டுவாரேன்னுதான். அதனாலதான் ஒடைக்கல. ஒடச்சா எழுதியாவணும்ல. தொழில்ல நான் பொய்யி எழுதுற ஆளு இல்ல சார், அதனால ஒடைக்கல.

பத்திரிகையத் திருப்புங்க. பின்பக்கம் கீழ, பென்சில்ல எழுதியிருக்கான் பாருங்க. சின்ன எழுத்து. உரக்கப் படிங்க. ‘வரும்போது 1865-ஐ எடுத்துக்கிட்டு வா.’ பத்து நாளா இது என்னன்னு எனக்குப் புரியல. புரியலைன்னு மங்கையர்க்கரசிகிட்டயும் சொன்னேன். புரியாமத்தான் பீரோவத் தொறந்து எடுத்துப் பையில வெச்சேன் பாருங்க. அவ பாத்துக்கிட்டே நின்னா. வழியில சாப்புட இட்லி கட்டிக் குடுத்தா.

சிப்பி எண்ணினவனுக்குத் தெரியாமப் போவுமா? அறுபதுலயும் அறுபத்தஞ்சுலயும் ஒரே சிப்பி, ஒரே கணக்கு. பாத்த அன்னிக்கே புடிச்சிருப்பான். நான் நெசக் கல்லத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன்னும் கணக்குப் போட்டிருப்பான். ‘மாத்திப் போட்டிருக்கான்’னு எழுதியிருந்தா என் வேலை போயிருக்கும். பொண்ணு கல்யாணம் நின்னிருக்கும், அந்த வருஷம்தான் நிச்சயம் பண்ணியிருந்தோம். கல்யாணத்துக்கு வந்தான் சார் அவன். மொத பந்தியில உக்காராம எலை போட்டான். அப்பவும் அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான், ‘கிடைக்கவில்லை’ன்னு எழுதிட்டுத் தகரக் கொட்டாயில உக்காந்திருந்திருக்கான்.

இப்ப நான் இத மேடையில கொண்டு போயி அவன் கையில குடுத்தா என்ன ஆவும் சொல்லுங்க. கட்டிப் புடிச்சுக்குவான். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டும், எனக்கில்ல, இத்தன வருஷம் தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்தானே, அவனுக்கு. நானும் நின்னு தட்டணும். கல்லுலதான் முந்தினான், போவட்டும். மன்னிக்கிறதுலயும் முந்திட்டான் சார். அதுல அவங்கூடப் போட்டி போடக்கூட எனக்கு ஒரு வழி வெக்கல.

கோவளம் தாண்டிட்டோம்னா இன்னும் ஒரு மணி நேரத்துல போயிரலாம். அந்த லைட்ட எனக்கே குடுத்துட்டுப் போங்க சார். என்ன வெலையோ சொல்லுங்க. ஓட்டல்ல வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கும். பரவால்ல, துண்டு பெரிய துண்டுதான், அவன் தலை என் தலை ரெண்டுக்கும் பத்தும்.